அண்ணை, திரும்பட்டோ?

பாரிஸின் லா சப்பல் மெற்றோ மேடையில் அந்த விளம்பரத்தைப் பார்த்த காலையில் எனக்கு வேலைக்குப் போகவே மனமில்லாமல் போயிற்று. சிவப்பும் கறுப்பும் மட்டும். சரிந்து மேலே போகும் ஒரு பட்டை, அதன்மேல் வரிசையாக ஆட்கள், தோளில் துவக்கு. ஒருவருக்கும் முகம் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம். கீழே பிரெஞ்சில், ரஷ்யப் போர்க்காலச் சுவரொட்டிகளின் கண்காட்சி என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். நான் அந்தப் படத்தைப் பார்த்து, "கோதாரி, இஞ்சையும் வந்து நிக்கிறியோ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் இரண்டடி தள்ளி நின்றாள்.

ரூ பெர்தொனேயில் நகைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே ஓர் அச்சுக்கடை. அதில் பதினொரு வருடமாகக் கணினிக்கு முன்னால் இருந்து படம் ஒழுங்கு செய்வதுதான் என் வேலை. பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுப் பதாகை, கடைத்திறப்பு, எல்லாவற்றையும்விட அதிகமாக மரண அறிவித்தல். கலியாண வீட்டில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். தோளில் கிடக்கும் அடுத்தவரின் கையை அழிப்பேன், கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பை எடுப்பேன், பின்னால் நீல வானம் வைப்பேன். இறந்தவர் என் கையால் பத்து வயது குறைந்துதான் போவார். முகம்தான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. என்ன பகிடி பாருங்கள்.

ஓர் அக்கா கடைக்கு வந்ததும் அதே கிழமையில்தான். பொபினியில் மகளோடு இருக்கிறாராம். மெலிந்து, தலை முழுக்க நரைத்து, இரண்டு கையாலும் கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி உள்ளே வந்தார்.

"தம்பி, ஒரு படம் அடிக்க வேணும். பெரிசா. பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி."

"ஓம் அக்கா, படத்தைத் தாங்கோ."

"படம் இல்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. அதைப் பார்த்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வன்னியில், எங்கள் வேலைக் கொட்டிலுக்கு அடுத்த வளவில் இருந்த அக்கா. எத்தனை நாள் அவர் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்திருக்கிறேன்! அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை. நான் தலை மொட்டையாகி, வயிறும் வைத்து, கண்ணாடியும் போட்ட ஆள். அப்பாடா என்று இருந்தது. எவ்வளவு கேவலம், முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

விஷயம் இதுதான். அவருடைய மகன் கடைசிச் சண்டையோடு காணாமல் போனவன். சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸில் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு அந்த ஒருவரையும் காணவில்லை. அடுத்த மாதம் ரிப்பப்ளிக் சதுக்கத்தில், காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் படங்களோடு நிற்கப் போகிறார்கள். எல்லோரிடமும் படம் இருக்கிறது. இவரிடம் இல்லை. கடைசியாக ஓடின ஓட்டத்தில் அல்பம் இருந்த பை தண்ணீரோடு போயிற்று. பள்ளிக்கூடமும் எரிந்தது. சொந்தக்காரர் எல்லோரிடமும் கேட்டாயிற்று. ஒருவரிடமும் இல்லை.

"போன வருசமும் வெறுங்கையோடை நிண்டனான் தம்பி. ஒரு மனுசி வந்து, நீங்கள் ஆரைப் பாக்க வந்தனியள் எண்டு கேட்டுது."

யோசித்துச் சொல்கிறேன் அக்கா, அடுத்த கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் போனபின் கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் என்ன செய்தவன் என்பதைச் சொல்ல வேண்டும். வன்னிக்கு வரும் பாதையை ஆமி பூட்டியிருந்த காலம். எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இயக்கத்தின் பரப்புரைச் சுவரொட்டி செய்யும் பகுதியில் இருந்தேன். ஓவியம் எங்கும் படித்ததில்லை, கை கொஞ்சம் ஓடும், அவ்வளவுதான். இடிந்த நூலகம் ஒன்றில் உறை கிழிந்த ரஷ்யப் படப்புத்தகம் ஒன்று கிடைத்தது. எழுத்து ஒன்றும் விளங்காது. படம் போதும். அவர்களுடைய உள்நாட்டுச் சண்டைக் காலத்துச் சுவரொட்டிகள். சிவப்பு முக்கோணம், வெள்ளை வட்டம், சரிந்து விழும் கறுப்புச் சதுரம், அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரியான ஆட்கள். அதுவரை நான் கீறியதெல்லாம் மீசையும் தசையும் உள்ள வீரர்கள். இது வேறு. இரண்டு நிறம் போதும், வெறுமையாக விட்ட இடம் மூன்றாவது நிறம். நேர்கோடு நிற்கும், சரிந்த கோடு ஓடும். கத்துவதற்கு ஒரு சொல் போதும். இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே பிடித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். உண்மையாகவே பிடித்திருந்தது. இப்போதும் சொல்கிறேன், அவ்வளவு அழகான எதையும் நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அந்த ரஷ்யர்களும் காகிதத் தட்டுப்பாட்டில், அட்டையை வெட்டி, அந்த ஓட்டையின் மேல் நிறம் தேய்த்துத்தான் பலதைச் செய்திருக்கிறார்கள். எங்களுக்கும் காகிதம் இல்லை. சுவர்தான் இருந்தது. ஆஸ்பத்திரி எறிந்த எக்ஸ்றே தாள்களை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒன்றாக்கினேன். சிவப்புக்கு, நிலத்துக்குச் சீமெந்தோடு கலக்கும் சிவப்புப் பவுடர். வடிவம் இதுதான்: சிவப்பில் தோளோடு தோளாக ஆட்கள். நடுவில் ஒருவன் மட்டும் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடம் சுவரின் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கும். அவனுடைய காலடியில் ஒரே ஒரு சொல்: நீ.

அந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. எங்கள் ஊர்களில் ஓர் ஆளைக் கூப்பிட நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கிறது. வயது குறைந்தவன் என்றாலும் பழக்கமில்லாதவனை நீ என்று கூப்பிட மாட்டோம். ஆனால் அட்டை வெட்டுகிறவனுக்கு வேறு கணக்கு. சுழி உள்ள எழுத்தை வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துவைக்கச் சின்னதாக ஒரு பாலம் விட வேண்டும். "நீங்கள்" என்றால் நாலு எழுத்து, சுழி சுழியாக வரும், தாளும் காணாது. "நீ" என்றால் ஓர் எழுத்து, ஒரு பாலம். வெட்டுவதற்குச் சுகம் என்று அந்தச் சொல்லை எடுத்தேன். கட்டளைபோல இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பொறுப்பாளர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "முகமில்லாமல் என்னடாப்பா படம்? பேய் நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"முகம் இருந்தா அது ஒருத்தன். இல்லாட்டிப் பாக்கிற ஆள் எல்லாரும் அதுதான்" என்றேன். ரஷ்யப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சரி என்றார். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. முகம் வேண்டாம் என்றது நான். அந்தப் பேச்சின் மிதப்பில் இரண்டு நாள் கால் நிலத்தில் படாமல் திரிந்தேன்.

அந்த வெள்ளை ஆளுக்கு அளவு எடுக்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த வளவு அக்காவின் மகன் நாள்தோறும் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவருவான். பதினேழு வயது. அவனை அந்த அக்கா கூப்பிடுவது எங்களுக்கெல்லாம் பகிடி. "அப்பன், வாங்கோ, சாப்பிடுங்கோ" என்பார். பெற்ற பிள்ளைக்கு வாங்கோ போங்கோ. "ராசாவுக்கு மரியாதையைப் பார்" என்று நாங்கள் நக்கலடிப்போம், அவன் வெட்கப்படுவான். அவனைத்தான் பின்னேர வெயிலில், கொட்டில் சுவருக்கு முன்னால் நிறுத்தி, சுவரில் விழுந்த நிழலைக் கரியால் சுற்றிக் கீறினேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று அவனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன்.

"அண்ணை, திரும்பட்டோ?" என்று நடுவில் கேட்டான்.

"பொறு, அசையாதை."

கோடு முடிந்ததும் நான் நிறம் கரைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் அங்கேயே சுவரைப் பார்த்தபடி நின்றான். எல்லோரும் சிரித்தோம்.

படம் ஏழு ஊர்ச் சுவர்களில் ஏறிற்று. பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் அந்த வெள்ளைக்குள் போய் நின்று அளவு பார்த்தார்கள். தலை எட்டாதவன் எம்பி நின்றான். இவனுக்கு மட்டும் அளவு பார்க்கத் தேவையில்லை. "அண்ணை, அது நான்தானே" என்றான். மூன்று கிழமையில் இயக்கத்துக்குப் போய்விட்டான். அப்போது வீட்டுக்கு ஒருவர் என்று பிடிக்கத் தொடங்கவில்லை. அவனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அக்கா வேலியடியில் நின்று எங்கள் பக்கம் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணி வரவில்லை. பிறகு நான் என் பாட்டைப் பார்த்துக்கொண்டு கடல் கடந்து, இங்கே வந்து, வதிவிட உரிமைக் கார்த் எடுத்து, கார்ஜ் லே கொனெஸில் வீடும் எடுத்துவிட்டேன்.

அக்கா கேட்டது மகனின் முகம். அதை வரையக்கூடிய ஆள், உலகத்திலேயே ஒருவன் இருந்தால், அது நான்தான். அன்று இரவும் அடுத்த நாள் ரயிலிலும் முயன்று பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றும் கேத்தில் கண்ணில் வருகிறது. அதைப் பிடித்த கை வருகிறது. பிடரி வருகிறது, வெட்டாமல் விட்ட மயிர் சட்டைக் கழுத்தில் முட்டுவதுகூட வருகிறது. இடது தோள் கொஞ்சம் பதிந்திருக்கும், தண்ணீர்க் கான் தூக்கித் தூக்கி. முகம் வரவில்லை. ஒரு மாதிரியும் வரவில்லை. நாள்தோறும் எனக்கு முன்னால் வந்து நின்றவன்! எனக்குத் தேவைப்பட்டது அவனுடைய விளிம்பு, அதை மட்டும் பார்த்திருக்கிறேன். மிச்சத்தைப் பார்க்கவே இல்லை.

முதலாளி நல்ல மனிசன், சண்டைக்கு முந்தியே வந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "உது ஒரு செக்கன் வேலை. தாயின்ரை முகத்தைக் குடுத்தா மெஷினே பிள்ளையைச் செய்து தரும்" என்றார். அக்கா அடுத்த கிழமை வந்தபோது அவரைப் படம் எடுத்து, கைபேசியில் என்னவோ தட்டினார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். எண்ணெய் வைத்த தலை, தெளிந்த கண், லேசான சிரிப்பு. எனக்கே ஒரு கணம் இவன்தானோ என்று பட்டது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவான பிள்ளை" என்றார். "ஆரின்ரை பிள்ளை தம்பி?"

முதலாளி கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வேறு ஏதும் வழி பார்க்கிறேன், இன்னும் ஒரு கிழமை தாருங்கள் என்று நான் சொன்னேன். என்ன வழி? ஒரு வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்காட்சிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தால் அந்தக் கொட்டில் ஞாபகம் வரும், கொட்டில் வந்தால் அவனும் வருவான் என்று ஒரு விசர் நம்பிக்கை. முதல் அறையில் எல்லாம் இருந்தன. என் புத்தகத்தில் கையகலத்தில் பார்த்தவை இங்கே ஆள் உயரத்தில். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அட்டை நகர்ந்த இடத்தில் நிறம் கசிந்திருக்கிறது. எழுத்துச் சுழிக்குள் பாலம் விட்டிருக்கிறார்கள், என்னைப்போலவே. நூறு வருடம் ஆகியும் அந்தச் சிவப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கை விரல் தன்னால் வெட்டுகிறதுபோல அசைந்தது. எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது! அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோடு அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்த அறை, அவர்களுடைய அடுத்த பெரிய சண்டை, ஹிட்லரோடு. அங்கே முக்கோணமும் வட்டமும் ஒதுங்கி, முகங்கள் வந்திருந்தன. தாய், பிள்ளை, கட்டுப்போட்ட சிப்பாய். எனக்கு முன்னால் ஒரு தாயின் முகம், என்னையே பார்த்துக்கொண்டு. இந்தப் பகுதிப் படங்கள் என் புத்தகத்தில் இருந்தனவா, கிழிந்து போயினவா, அல்லது பழைய பாணி என்று நானே புரட்டித் தள்ளினேனா, நினைவில்லை. முகமுள்ள படமும் பிள்ளைகளைச் சண்டைக்குத்தான் கூப்பிட்டது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அதைச் செய்தவன் ஒரு முகத்தையாவது பார்த்திருப்பான். வெளியே வரும் வழியில் முகமில்லாத ஆட்களைக் கோப்பையிலும் துணிப்பையிலும் அடித்து விற்றார்கள். இப்போதும் அந்த நாடு சண்டையில்தான் இருக்கிறது, இப்போதும் யாரோ சுவரில் ஒட்டிக்கொண்டுதான் இருப்பான். அவனுக்கும் கை நன்றாக ஓடும். வாசற்படியில் குந்தியிருந்து அழுதேன். அப்போதும் அக்காவின் மகனுடைய முகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். முதலாளி கடையில் இல்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார்.

"அக்கா, என்னாலை ஏலாது. எனக்கு உங்கடை மகனைத் தெரியும். அந்தச் சுவரிலை நிண்ட வெள்ளை ஆள்... அதைக் கீறினது நான்."

அவர் கைப்பையின் பட்டியைச் சரி செய்தார்.

"தெரியும் தம்பி. முதல் நாளே குரலிலை தெரிஞ்சுது."

"தெரிஞ்சோ வந்தனியள்?"

"உம்மிட்டைத்தானே வரவேணும். வேறை ஆர் என்ரை பிள்ளையைப் பாத்துக் கீறினது? அந்தத் தோளைச் சுவரிலை கண்ட உடனை எனக்குத் தெரியும், இது என்ரை பிள்ளையெண்டு. இடப்பக்கம் பதிஞ்சிருக்கும். சண்டைக்குப் பிறகு போய்ப் பாத்தனான், அந்தச் சுவரும் இல்லை." பிறகு கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "முகத்தைக் கீறும் தம்பி. நீர் கிட்ட நிண்டு பாத்தனீர்தானே."

இவர் என்னைத் திட்டியிருக்கலாம். மூஞ்சியில் துப்பியிருக்கலாம். நான் அதற்கெல்லாம் ஆயத்தமாக இருந்தேன். எனக்கு ஞாபகம் இல்லை அக்கா, நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். சுவரைப் பார்த்து நிறுத்தியதையும், அவன் திரும்பட்டோ என்று கேட்டதையும், நான் பொறு என்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்து போனது. அவருக்கு இருந்த கடைசி வழி நான். அந்த வழியும் சுவரில் போய் முட்டிவிட்டது. மனிசி அழவில்லை. அழுதிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப அந்த முதுகையெண்டாலும் தாரும்" என்றார்.

அவருக்கு முன்னாலேயே கணினியில் கீறினேன். பதினெட்டு வருடம் கழிந்தும் கை தடுமாறவில்லை. பிடரி, காது, பதிந்த தோள், எல்லாம் ஒரே இழுவையில் வந்தது. சுற்றிவரச் சிவப்பு. நடுவில் வெள்ளை. கீழே பழக்கதோஷத்தில் "நீ" என்று அடித்துவிட்டேன்.

"அது வேண்டாம்" என்றார் அக்கா, முதன்முறையாகக் கொஞ்சம் கோபத்தோடு. "எங்கடை வீட்டிலை பிள்ளையளை நீ எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் முதல் என்ரை பிள்ளையை நீ எண்டு கூப்பிட்டது உம்மடை சுவர்தான்."

நான் அதை அழித்து "நீங்கள்" என்று அடித்தேன். கணினியில் பாலம் விடத் தேவையில்லை, சுழி ஒன்றும் கழன்று விழாது. எவ்வளவு சுகமான வேலை.

அந்தச் சனிக்கிழமை சதுக்கத்தில் குளிர் காற்று. தாய்மார் வரிசையாகப் படங்களைப் பிடித்து நின்றார்கள். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கலியாணக் கோலத்தில் பிள்ளைகள், கையில் குழந்தையோடு ஒருவன். பாதிப் படங்கள் என் கையால் போனவை. அந்த முகங்களுக்கு நடுவில் அக்கா தன் பலகையைப் பிடித்திருந்தார். அவ்வளவு முகங்களுக்குள் அந்த வெள்ளை ஓர் ஓட்டைபோல இருந்தது. கடந்து போன பிரெஞ்சுக்காரர்கள் அதன் முன்னால்தான் நின்றார்கள், அதைத்தான் படம் எடுத்தார்கள். அட கடவுளே, அது இன்னும் வேலை செய்கிறது. நான் பின்னால், ஒரு மரத்தோடு ஒதுங்கி நின்றேன்.

தொப்பி போட்ட வயதான ஐயா ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தவர், அக்காவிடம் நின்றார்.

"பிள்ளை, உங்கடை படத்திலை முகம் விழேல்லை. கடைக்காரன் பிழையா அடிச்சுப் போட்டான். திருப்பிக் குடுத்து வேறை அடிப்பியுங்கோ."

"பிழை இல்லை ஐயா" என்றார் அக்கா. "பிள்ளை அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறார். இன்னும் திரும்பேல்லை."

ஐயா தொப்பியைக் கழற்றினார். வீடு திரும்பவில்லை என்று மட்டும் அவர் விளங்கிக்கொண்டார். எனக்கு விளங்கியது இரண்டும். அன்றைக்கு நிறம் கரைத்துவிட்டு வந்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன், பிறகு தாளை வெட்டப் போனேன். இனித் திரும்பலாம் என்று அவனுக்கு நான் சொல்லவே இல்லை.